நாய் இருக்கிற வீடு நாறத்தான் செய்யுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் பகுதியில், வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் வளர்த்த நாயை விட்டுவிட்டுப் போவது வழக்கமாகிக்கொண்டு வருகிறது. நாட்டு நாய் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய லாப்ரடாரும் பொமரேனியனும் கழுத்துப் பட்டையோடு தெருவில் நிற்கின்றன. ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "வீடெல்லாம் முடி. நாத்தம் தாங்க முடியல. பிள்ளைங்க இருக்கிற வீடு, என்ன செய்ய?"

வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரு தெரியாது. வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது, குப்பைத் தொட்டியில் இரை தேடத் தெரியாது, ஏற்கெனவே அந்தத் தெருவில் இருக்கிற நாய்களோடு மல்லுக்கு நிற்கவும் தெரியாது. பசியிலும் தாகத்திலும் வாட விட்டு ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டத்தைச் சொல்லி யாரையும் பயமுறுத்த இந்தக் கடிதம் எழுதவில்லை. நாற்றத்தைக் காரணம் காட்டி நாயை விடுகிறவர்களில் பலர், அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வார்டில் சுத்தம் என்பது எங்களுக்கு வேலையின் பாதி. இப்போது என் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய மாமியார், மகன், மருமகள், பள்ளிக்கூடம் போகிற பேத்தி, இவர்களோடு லில்லி என்கிற லாப்ரடாரும் இருக்கிறாள். பழைய காலத்து வீடு, சிவப்பு சிமெண்ட் தரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முன் தாழ்வாரமான தார்சாவில் வந்து உட்காருகிறவர்களுக்கு, லில்லி எழுந்து வந்து வாலாட்டுகிற வரையில் இந்த வீட்டில் நாய் இருப்பதே தெரியாது. இதற்கு வேலைக்கு ஆளும் இல்லை, விலை உயர்ந்த இயந்திரமும் இல்லை.

லில்லி எங்களிடம் குட்டியாக வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிபோன ஒரு குடும்பம், "நாத்தம் பிடிச்ச நாய், யாராவது வச்சுக்கிட்டாச் சரி" என்று தள்ளிவிட்ட நாய் அவள். வரும்போது உண்மையிலேயே நாறினாள். அந்த வீட்டில் அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்று விசாரித்தேன். வாரம் இரண்டு குளியல், அதுவும் மனிதர்கள் போடுகிற பொடுகு ஷாம்பூ. அவள் படுத்துக்கொள்ளும் பால்கனியைக் காலையும் மாலையும் தண்ணீர் அடித்துக் கழுவிப் பினாயில் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் குடும்பம் சோம்பல்பட்ட குடும்பம் இல்லை, பாவம், முறிய முறிய வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாயும் தரையும் காய்ந்து கிடந்த நேரமே இல்லை.

லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவில் இருக்கிற நியூஃபவுண்ட்லாந்து தீவு. மீனவர்களோடு குளிர்ந்த கடலில் இறங்கி வேலை செய்த நாய்களின் வம்சம். அதனால் அதற்கு இரண்டு அடுக்கு முடி. மேல் முடியில் ஒருவித எண்ணெய்ப் பசை இருக்கும், அடியில் பஞ்சு மாதிரி நெருக்கமாக இன்னொரு அடுக்கு. அடிக்கடி ஷாம்பூ போட்டால் அந்த எண்ணெய் போய்த் தோல் வறண்டு, பொருக்குத் தட்டி, அரிப்பு வரும். நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. அமிலத்தன்மையும் நம் தோலுக்கு இருக்கிற அளவு அதற்குக் கிடையாது. நம் ஷாம்பூ அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போவது அதனால்தான். குளிப்பாட்டிவிட்டு மேலே மட்டும் துண்டால் ஒற்றினால் அடி முடி ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில்தான் கிருமியும் பூஞ்சையும் பெருகுகின்றன, நாற்றமும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. நாற்றம் வருகிறதே என்று மறுபடி குளிப்பாட்டுகிறோம். மறுபடி ஈரம்.

லில்லியை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் முதலில் பார்த்தது காதைத்தான். தொங்கு காதைத் தூக்கியதும் குப்பென்று நாற்றம் அடித்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அப்பியிருந்தது. காற்றுப் படாத காது, அதில் வாரம் இரண்டு முறை குளியல் தண்ணீர் வேறு இறங்கியிருக்கிறது. காதுக்குச் சொட்டு மருந்தும் தோலுக்கு மருந்து ஷாம்பூவும் எழுதிக் கொடுத்தார். மருந்து முடிவதற்குள் பாதி நாற்றம் போய்விட்டது. நாய் நாறுகிறது என்றால் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. காது, பல்லில் கட்டிய காறை, விரல் இடுக்கு, பிறகு ஆசனவாய்க்கு இருபுறமும் இருக்கிற சின்னச் சுரப்பிகள். அந்தச் சுரப்பி அடைத்துக்கொண்டால் அழுகிய மீன் வாடை வரும், நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நகரும். இவை எல்லாம் வைத்தியம் செய்ய வேண்டிய விஷயங்கள். சோப்பு வாங்கிப் போட்டுச் சரியாகிற விஷயங்கள் அல்ல.

இப்போது லில்லிக்கு மாதம் ஒரு குளியல், நாய் ஷாம்பூவில். மழையில் சேற்றில் புரண்டால் மட்டும் இடையில் ஒன்று. குளியல் எப்போதும் வெயில் ஏறுகிற நேரத்தில்தான். துடைத்த பிறகு மொட்டை மாடி நிழலில் காற்றாட விடுகிறோம். விரலை முடிக்குள் விட்டுத் தோல் வரை தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால்தான் உள்ளே வரலாம்.

அடுத்தது மூத்திரம். வயதான நாய், உடம்பு சரியில்லாத நாய், பழகாத குட்டி எல்லாம் வீட்டுக்குள் மூத்திரம் போகத்தான் செய்யும். பார்த்த மாத்திரத்தில் மாப்பை எடுத்து வருவதுதான் நம் ஆட்களின் வழக்கம். ஒரு சாண் இடத்தில் இருந்ததை மாப் அறை முழுக்கப் பரப்பிவிடும். வார்டில் நாங்கள் அப்படிச் செய்ய மாட்டோம். முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். என் வீட்டில் உங்கள் நாளிதழின் பழைய தாள்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. நான்கைந்து தாளை மடித்து அதன்மேல் வைத்து, உறிஞ்சியதும் எடுத்துப் போட்டுவிட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை துடைக்கிறோம். அதற்கு மேல் என்சைம் கலந்த கிளீனரைத் தெளித்துக் கொஞ்ச நேரம் ஊற விட்டுக் காய வைக்கிறோம். நாய் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கிறது. மூத்திரத்தில் நாறுகிற பொருளை அது உடைத்துவிடும். பினாயில் ஊற்றிய இடத்தில் அதை ஊற்றினால் சரியாக வேலை செய்யாது, முதலில் பினாயிலைத் துடைத்து எடுக்க வேண்டும்.

பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். நாயின் மூக்கை ஏமாற்றாது. அடியில் மிச்சம் இருக்கிற வாடை அதற்குத் தெரியும், அதே மூலைக்குத்தான் மறுநாளும் போகும். வீட்டுக்காரர் "வேணும்னே செய்யுது" என்று அடிப்பார். இன்னொன்று, நாய் செருப்புப் போடுவதில்லை. பினாயில் ஈரத்தில் நடந்த பாதத்தைப் பிறகு உட்கார்ந்து நக்கும். விரல் இடுக்கு வெந்துபோவதும், வாயில் எச்சில் ஒழுகுவதும், வாந்தியும் அதனால் வரலாம். தரை துடைக்கிற மருந்து எதுவானாலும், கடைசியில் ஒரு தடவை வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகுதான் நாயை விட வேண்டும்.

ப்ளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. மூத்திரம் கிடக்கிற இடத்தில் ப்ளீச்சிங் பவுடரையோ ப்ளீச் திரவத்தையோ நேரடியாகப் போடக் கூடாது. மூத்திரத்தில் உண்டாகிற அமோனியாவும் குளோரினும் சேர்ந்து, மூச்சை அடைக்கிற வாயு கிளம்பும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் இது விளையாட்டல்ல. மருத்துவமனையிலும் எங்களுக்கு இதே விதிதான்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். குளிர் நாடுகளில் லாப்ரடார் வருடத்துக்கு இரண்டு பருவத்தில் மொத்தமாக முடி உதிர்க்கும். நம் ஊரில் வருடம் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த முடியாது. எங்கே கொட்ட வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். தினமும் காலையில் கொல்லைப்புறத்தில் வைத்து ரப்பர் பிரஷ்ஷால் கழுத்திலிருந்து வால் வரை வாரிவிடுகிறேன். தேங்காய் அளவுக்கு ஒரு பந்து வரும். அந்தப் பந்து வீட்டுக்குள் பறக்காமல் போவதுதான் லாபம். முடி கொட்டுகிறதே என்று சலூன் மாதிரி மொட்டை அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். லாப்ரடாருக்கு அதைச் செய்யக் கூடாது. வெயில் நேராகத் தோலில் அடிக்காமல் காப்பது அந்த முடிதான்.

வீட்டுக்குள் விழுந்த முடியைத் துடைப்பத்தால் பெருக்கினால் எழும்பிப் பறந்து, மின்விசிறி இறக்கையிலும் சாமி படத்து மாலையிலும் போய் உட்காரும். நாங்கள் முதலில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை மாப்பில் சுற்றிச் சுவர் ஓரம் இருந்து நடுவுக்கு இழுக்கிறோம். முடி ஒட்டிக்கொண்டு கயிறு மாதிரித் திரண்டு வரும். சோபாவுக்குப் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போதும். லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் துணிக்குள் குத்திக்கொண்டிருக்கிற முடிகூட உருண்டு வந்துவிடும். நாட்டு நாய் வைத்திருக்கிறவர்களுக்கு இது ரொம்ப உதவும். அதன் முடி குட்டையாக, ஊசி மாதிரித் துணியில் ஏறிக்கொள்ளும். நாய் விரிப்பைத் துவைக்கும் முன் வெளியில் நன்றாக உதற வேண்டும், மெஷினில் தனியாகப் போட வேண்டும்.

என் மாமியார் ஆச்சாரம் பார்க்கிறவர். லில்லி வந்த புதிதில், "ஏளா, நாய் வாசல்படியைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கப்படாது, கேட்டியா" என்றார். "சரி அத்தை" என்றேன். மழை தொடங்கியதும் அவரே, "அது என்னத்துக்கு நனையணும், தார்சா வரைக்கும் வரட்டும். காலைத் துடைச்சிட்டு வரச் சொல்லு" என்றார். வாசலில் பழைய சாக்கு ஒன்றை நாலாக மடித்துப் போடச் சொன்னதும் அவர்தான். வெளியே போய்விட்டு வந்தால் லில்லி அந்தச் சாக்கின்மேல் நிற்பாள். ஒரு குவளைத் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு. முன்னங்கால், பின்னங்கால், அடிவயிறு. விரலை விரித்து இடுக்கில் துண்டு நுனியை விட்டுத் துடைக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் இந்த இடுக்கை விட்டுவிட்டால் புண்ணாகிவிடும். இப்போது நாங்கள் கூப்பிடாமலே சாக்கில் ஏறி நின்று, ஒவ்வொரு காலாகத் தானே தூக்கிக் கொடுக்கிறாள். அடுக்களைக்கும் சாமி ரூமுக்கும் அவள் போவதில்லை. நடைக்குக் குறுக்கே ஒரு தாழ்வான மரத் தட்டி இருக்கிறது, அவ்வளவுதான் தடை. அதை ஒரே தாவில் தாண்டக் கூடிய நாய், தாண்டியதில்லை.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் நாயை வெளியே தள்ளும் கடைசிக் காரணம் அதுதான். நம் ஊர் நாய்களிடம் இருக்கிற பழுப்பு நிற உண்ணிக்கு வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிற குணம் உண்டு. முட்டையிலிருந்து வந்த பொடி உண்ணி நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். வளர்ந்து, மறுபடி ஏறும். மறுபடி விழும். இப்படி மூன்று முறை. ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறி, விரிசலிலோ கதவு நிலை இடுக்கிலோ படச் சட்டத்துக்குப் பின்னாலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். ரத்தம் கிடைக்காவிட்டாலும் வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். நாயின் மேல் இருப்பதை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் ஏன் தீராது என்பது இதில் விளங்கும். நாய்க்கும் வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்ய வேண்டும்.

நாய்க்கு டாக்டர் எடை பார்த்துக் கொடுக்கிற மாத்திரையோ, கழுத்தின் பின்புறம் விடுகிற சொட்டு மருந்தோ கொடுக்க வேண்டும். வீட்டுக்கு, சுவர் விரிசல்களைச் சிமெண்டோ பட்டியோ வைத்து அடைத்து வெள்ளையடிக்க வேண்டும். படங்களைக் கழற்றிப் பின்புறம் துடைக்க வேண்டும். நாய் விரிப்பைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். பிடித்த உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், அதற்குள் இருக்கிற ரத்தத்தில் நோய்க்கிருமி இருக்கலாம். சின்னக் குப்பியில் ஸ்பிரிட் வைத்துக்கொண்டு இடுக்கியால் எடுத்து அதில் போட்டால் முடிந்தது. மண்ணெண்ணெய் தடவுவது, அந்துருண்டையைப் படுக்கையில் போடுவது, கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவது எல்லாம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. மூன்றுமே நாய்க்கு நஞ்சு. இந்த உண்ணியால் நாய்க்கு வருகிற காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வடிந்து சாகிற நாய்களும் உண்டு. நாய் சோறு தின்னாமல், ஈறு வெளுத்துக் கிடந்தால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகள் இருக்கிற வீடு என்று சொல்கிறார்களே, அந்தக் கவலை நியாயமானது. என் பேத்திக்கு நான் பார்க்காத கவலையா! நாய் மலத்தில் வெளிவருகிற நாக்குப்பூச்சி முட்டை உடனே தொற்றாது. மண்ணில் கிடந்து வளர அதற்குச் சில வாரங்கள் வேண்டும். அன்றன்றே அள்ளிவிட்டால் அந்தப் பயம் அநேகமாக இல்லை. கொக்கிப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். அதற்கும் மருந்து இதேதான், அள்ளுவது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து, வருடந்தோறும் வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடுகிற தடுப்பூசி. இவை இல்லாத வீட்டில் தரை எவ்வளவு பளபளத்தாலும் அதை நான் சுத்தமான வீடு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிலருக்கு நாய் இருந்தால் தும்மலும் இளைப்பும் வரும். முடியால் வருகிறது என்று நினைக்கிறார்கள். நாயின் எச்சிலிலும் உதிர்கிற தோல் பொடியிலும் இருக்கிற புரதத்தால் வருவது அது. குட்டை முடி நாய் வாங்கினால் வராது என்று கடைக்காரர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். அப்படி உடம்பு உள்ளவர்கள் வாங்கும் முன்பே, நாய் இருக்கிற ஒரு வீட்டில் சில மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

தெருவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தன் வீட்டு வாசலைக் கழுவிக் கோலம் போட்டுவிட்டு, நாயை எதிர் வீட்டு வாசலில் அசிங்கம் பண்ண விடுகிறவர்களால்தான் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். நடக்கக் கூட்டிப் போகும்போது பையில் இரண்டு காகிதமும் ஒரு கவரும் வைத்துக்கொள்வது பெரிய பாரம் இல்லை. மாடியில் குடியிருப்பவர்கள் பால்கனியைக் கழுவிய தண்ணீரைக் கீழ்வீட்டுக் கொடித் துணியில் விடக் கூடாது. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டிச் சங்கத்தோடு வாதாடுகிறவர்கள், அதே வழிகாட்டுதல் வளர்ப்பவர்களின் பொறுப்பையும் பேசுவதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உடல்நலப் பக்கத்தில் வாரம் ஒரு நாள் கால்நடை மருத்துவர் ஒருவரை எழுதச் செய்யுங்கள். நாய் வளர்க்கிற வீட்டில் எந்தத் தரை மருந்து பயன்படுத்தலாம், எந்தப் பருவத்தில் உண்ணி கூடும், குட்டிக்கு எப்போது தடுப்பூசி என்று எளிய தமிழில் எழுதினால் பலருக்கு உபயோகமாக இருக்கும். கடைக்காரர் சொல்வதையும் கைப்பேசியில் வருவதையும் நம்பிப் பிள்ளைகள் மாதிரி வளர்த்த பிராணிக்கு நஞ்சை ஊட்டுகிறவர்களை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாற்றலாகிப் போவது, வீட்டில் நோயாளி என்று உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலைமை சிலருக்கு வரும். அவர்கள் நாயை இன்னொரு வீட்டில் ஒப்படைக்கட்டும். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டை, அது பழகிய விரிப்பு, என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், கடைசியாகக் குடற்புழு மருந்து எப்போது கொடுத்தோம் என்று எழுதிய ஒரு தாள், இவற்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள். லில்லியோடு எங்களுக்கு வந்தது ஒரு சங்கிலி மட்டும்தான். இடி இடித்தால் அவள் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குவாள் என்பதை நாங்களாகத்தான் தெரிந்துகொண்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.